மாடியில் சோலார் போட்டால் தெரு சூடாகுமா?

நங்கநல்லூரான்:
வணக்கம். வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுவதாக முடிவு செய்து, பிஎம் சூர்யகர் திட்டத்தில் விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. 78,000 ரூபாய் மானியம் வரும் என்பதால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பு அடுத்த வீட்டிலிருந்து வருகிறது.

எங்களுக்குக் கிழக்கே இரண்டு மாடி வீடு. அங்கே இருக்கும் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாட்சப்பில் வந்த செய்தி ஒன்றை அச்செடுத்தே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். சோலார் பேனல்களால் நகரத்தின் வெப்பம் 1.5 டிகிரி கூடுகிறதாம். "ஏற்கெனவே கத்திரியில் வெந்துகொண்டிருக்கிறோம், நீ வேறு கண்ணாடியைப் பரப்பி வாட்டாதே தம்பி" என்கிறார். சண்டை பிடிக்கிறவர் இல்லை, நியாயமாகப் பேசுகிறவர்தான். அதனால் அவருக்கு உருப்படியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். அந்த 1.5 டிகிரி உண்மையா?

வைகைக்கரை:
உண்மையாகத்தான் இருக்கும். கருப்பு நிறம் வெயிலை உறிஞ்சும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். எங்கள் அலுவலக மாடியில் இருக்கிற பேனல்மேல் மதியம் ஒரு மணிக்குத் தோசையே வார்க்கலாம். அவ்வளவு சூடும் எங்கே போகும்? காற்றுக்குத்தானே?

வெயில்மானி:
பெரியவர் காட்டும் எண் கட்டுக்கதை இல்லை. 2024-இல் நேச்சர் சிட்டீஸ் இதழில் அன்சார் கான், சாந்தமூரிஸ் முதலியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வருவது. கொல்கத்தாவை எடுத்துக்கொண்டு, கணினி மாதிரியில் அந்த நகரத்தின் கூரைகள்மேல் பேனல்களைப் பரப்பிப் பார்த்தார்கள். கூரைகள் முழுக்க மூடப்பட்டால் பகல் உச்சியில் காற்றின் வெப்பம் அதிகபட்சம் 1.5 டிகிரி வரை கூடலாம், இரவில் 0.6 டிகிரி வரை குறையலாம் என்று வந்தது.

வாட்சப்புக்கு வருவதற்குள் "முழுக்க மூடப்பட்டால்", "வரை", "இரவில் குறையலாம்" ஆகிய மூன்றும் வழியில் விழுந்துவிட்டன. கட்டுரையின் தலைப்பிலேயே சூடாக்கும், குளிர்விக்கும் என்று இரண்டும் இருக்கின்றன. நங்கநல்லூரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பேனல் வைப்பதற்கும் கொல்கத்தா நகரம் முழுவதும் கண்ணாடி போர்த்துவதற்கும் உள்ள தூரத்தைப் பெரியவரே ஒப்புக்கொள்வார்.

வைகைக்கரை:
ஒரு வீட்டுக்கு இல்லை என்றால் சரி. ஆனால் ஒரு கோடி வீடுகளுக்குப் போட வேண்டும் என்பதுதானே அரசின் திட்டம்? எல்லோரும் "நான் ஒருவன்தானே" என்று சொன்னால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

வெயில்மானி:
நியாயமான கேள்வி நண்பரே. அதனால் பேனலின் வரவு செலவையே பார்த்துவிடுவோம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது என்று வையுங்கள். பேனல் அதில் 50 முதல் 100 வாட் வரை திருப்பி அனுப்பும். 200 வாட் போல மின்சாரமாகக் கம்பி வழியே இறங்கிவிடும். மிச்சம் சுமார் 700 வாட் வெப்பம். இப்போது வெறும் சிமெண்ட் தளத்தைப் பாருங்கள். பழசாகி அழுக்கேறிய தளம் 250, 300 வாட் வரை திருப்பி அனுப்பும். அங்கேயும் மிச்சம் சுமார் 700 வாட்தான்!

அப்படியென்றால் வித்தியாசம் எதில் என்றால், நேரத்தில். பேனல் என்பது 3 மில்லிமீட்டர் சொச்சம் கண்ணாடி, ஒரு அலுமினியச் சட்டம். சூட்டை வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. வாங்கிய 700 வாட்டையும் மேல்பக்கமும் அடிப்பக்கமுமாக அப்போதே விட்டுவிடும். தளம் அப்படியில்லை. ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன்மேல் சுர்க்கி, அதன்மேல் தட்டோடு. பகலில் ஒரு பங்கை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, நாம் தூங்கப் போகும் நேரத்தில் அறைக்குள்ளும் வெளியிலும் விடும். ஆக, பேனல் பகல் உச்சியைக் கொஞ்சம் ஏற்றி இரவைக் கொஞ்சம் இறக்குகிறது. கொல்கத்தா முடிவில் இரண்டு திசையிலும் எண் வந்ததற்குக் காரணம் இதுதான்.

மாடித்தூக்கம்:
இரவு குறையும் என்றால் எனக்குச் சந்தோஷம். மே மாதத்தில் கீழே படுக்கவே முடியவில்லை. மின்விசிறி வெந்நீர் ஊற்றுவதுபோல் காற்றை ஊற்றுகிறது.

இன்வெர்ட்டர் இளங்கோ:
நான் இதே வேலையில் இருக்கிறேன், அதனால் என் சார்பைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

மதியத்தில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போவது சாதாரணம். அது எங்களுக்கும் பிடிக்காத விஷயம்தான். பேனலில் எழுதியிருக்கும் 550 வாட் என்பது 25 டிகிரியில் அளந்தது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல உற்பத்தி விழும். 65 டிகிரியில் கணக்குப் போட்டால் 14 சதவீதம் போயே போச்சு. "மே மாதத்தில் வெயில் கொளுத்துகிறது, யூனிட் ஏன் மார்ச்சைவிடக் குறைவாக இருக்கிறது" என்று வாடிக்கையாளர்கள் வருடா வருடம் கேட்பார்கள். இதுதான் விடை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை.

அடியில் காற்று ஓட வழி இருந்தால் பேனலும் ஆறும், தளமும் ஆறும். பைப் செலவை மிச்சம் பிடிக்கத் தளத்தை ஒட்டிப் படுக்க வைப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

கொத்தனார் மகள்:
இளங்கோ சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தெருவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பேனலுக்கு அடியில் இருக்கும் அறையை யாரும் பேசவில்லை. நான் கட்டுமானத் துறை. மேல்தளத்து வீடுகளுக்கு வருகிற வெக்கையில் பெரும்பங்கு தலைக்குமேல் உள்ள தளம் வழியாகத்தான் வருகிறது.

2011-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு கட்டடத்தை நேரடியாக அளந்தே பார்த்திருக்கிறார்கள். பேனல் இருந்த பகுதியின் உட்கூரை, திறந்த பகுதியைவிடப் பகலில் 2.5 டிகிரி வரை குறைவாக இருந்தது. அந்தக் கூரையால் வருடம் முழுக்க ஏற்படும் குளிரூட்டும் சுமை, அதாவது அறையைக் குளிர்விக்க ஏசி செய்ய வேண்டிய வேலை, 38 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் மாடியில் துணி காயப்போட, வடகம் போட, தொட்டி கழுவ என்று இடம் விட்டு ஏழெட்டு அடி உயரத்தில் பேனலைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சர் அடிக்கிறோம். அது ஒரு பந்தல் மாதிரிதானே? பந்தலுக்குக் கீழே இருக்கும் தளம் சுடாது.

ஒரு எச்சரிக்கை. உயரத்துக்கு ஆசைப்பட்டால் காற்றையும் பாருங்கள். கட்டடங்களை வடிவமைக்கச் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தா புயல் வந்த 2016 டிசம்பரில் தெருவில் இருந்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. பேனல் வரிசை காற்றில் மேலே இழுபடும். நாலு போல்ட் அடித்துவிட்டு "ஒன்றும் ஆகாது மேடம்" என்கிறவரை நம்பாதீர்கள். தட்டோட்டை மட்டும் துளைத்து போல்ட் போட்டால் பிடியும் இருக்காது, மழையில் ஒழுக்கும் வரும். தளத்தோடு கம்பி கட்டி, தூணுக்குச் சிறு பீடம் போடச் சொல்லுங்கள்.

மாடித்தூக்கம்:
அக்கா, பேனல் பந்தலுக்குக் கீழே கட்டில் போட்டுப் படுக்கலாமா?

கொத்தனார் மகள்:
படுக்கலாம், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற சுகம் இருக்காது தம்பி. மொட்டை மாடித் தூக்கத்தின் சுகமே மேலே திறந்த வானம்தான். தளமும் நம் உடம்பும் சூட்டை வானத்துக்கு அனுப்பிவிடும். மேலே பேனல் இருந்தால் அந்த வழி பாதி அடைபட்டுவிடும். சான் டியேகோ அளவீட்டிலேயே இரவில் நிலைமை தலைகீழாகி, பேனலுக்குக் கீழே இருந்த உட்கூரை மற்றதைவிடச் சூடாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பகலில் தளம் ஏற்றிக்கொள்ளாத சூடு கணக்கில் பெரிது. முழு நாளுக்குப் பார்த்தால் லாபம்தான்.

வைகைக்கரை:
பார்த்தீர்களா, கடைசியில் இரவிலும் சூடு என்று வந்துவிட்டது. வெயில்மானி குறையும் என்றார், மேடம் கூடும் என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

வெயில்மானி:
இரண்டும் வேறு வேறு இடம். மேடம் சொன்னது பேனலுக்கு அடியில் இருக்கும் கூரை. நான் சொன்னது ஊரின் காற்று. பேனலின் மேல்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதால், சூரியன் இறங்கியதும் மளமளவென்று ஆறி, சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே போய்விடும். சோதிக்கக் கருவி வேண்டாம். மார்கழி விடியற்காலையில் யாராவது சோலார் வைத்திருப்பவர் மாடிக்குப் போய்ப் பாருங்கள். பேனல் முழுக்கப் பனி கோத்து நிற்கும், விரலால் கோலம் போடலாம். காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் அப்படிப் பனி இறங்கும்.

முதுகுளத்தூர்:
எனக்கும் ஒரு கேள்வி. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-இல் வந்ததே, 2,500 ஏக்கர். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வெக்கை கூடிவிட்டது, மழை குறைந்துவிட்டது என்று டீக்கடையில் பேசாத நாள் இல்லை. அமெரிக்காவிலும் சோலார் நிலையம் 3, 4 டிகிரி சூடாக்குகிறது என்று கண்டுபிடித்தார்களாமே?

வெயில்மானி:
2016-இல் வந்த அரிசோனா ஆய்வைச் சொல்கிறீர்கள். டூசான் நகரப் பக்கத்துப் பாலைவனத்தில் பேனல் நிலையத்தையும் அருகிலிருந்த வெறும் பாலை நிலத்தையும் ஒப்பிட்டு அளந்தார்கள். இரவு நேரத்தில் நிலையத்துக்குள் 3 முதல் 4 டிகிரி கூடுதலாக இருந்தது. பொய் இல்லை. ஆனால் அது தரையில் பரப்பியது. செடிகொடியை அழித்து, மண்ணின்மேல் பேனல் கூரை போட்டு, மண் இரவில் வானத்துக்கு விடும் சூட்டையும் தடுத்த இடம். செடி இருந்தால் நீராவி விட்டுக் குளிரும், அதுவும் போயிற்று. நகரத்து மொட்டை மாடியில் அழிப்பதற்கு என்ன செடி இருக்கிறது? அங்கே ஏற்கெனவே சிமெண்ட்தான். அதே அரிசோனாவில் பின்னால் இன்னொரு நிலையத்தில் அளந்தவர்களுக்குப் பகலில் 1.3 டிகிரி கூடுதலும் இரவில் வித்தியாசமே இல்லை என்றும் வந்தது. இடத்துக்கு இடம் மாறும் விஷயம் இது.

மழையைப் பற்றி: உங்கள் பக்கத்து மழை வடகிழக்குப் பருவக்காற்றில், வங்கக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் எழுகிற மேகத்திலிருந்து வருவது. 2,500 ஏக்கர் என்பது 10 சதுர கிலோமீட்டர். அது அந்த மழையை நிறுத்தும் என்று நான் நம்பமாட்டேன். நிலையத்தின் வேலியை ஒட்டிய வயலில் வெக்கை கூடியிருக்கிறது என்று சொன்னால் அது அளந்து பார்க்கத் தக்க கேள்வி, சிரித்துத் தள்ளத் தக்கது இல்லை.

முதுகுளத்தூர்:
வேலியை ஒட்டித்தான் எங்கள் மாமா நிலம். ஆனால் அவர் மழையைத்தான் திட்டுகிறார்.

சுண்ணாம்புக்காரர்:
எல்லோரும் சோலாரையும் வெறும் தளத்தையும் ஒப்பிடுகிறீர்கள். வெள்ளை அடித்த தளத்தோடு ஏன் ஒப்பிடவில்லை? சுண்ணாம்போ, வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்டோ புதிதாக அடித்தால் 70, 80 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பும். சில ஆயிரம் ரூபாய் வேலை. தெலங்கானாவில் 2023-இலேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளையடித்த மாடிமேல் கரும்பேனலைப் பரப்பினால், திரும்பிப் போக வேண்டிய வெயிலைப் பிடித்து ஊருக்குள் விடுகிறீர்கள் என்றுதானே பொருள்?

வெயில்மானி:
இந்த இழையிலேயே சரியான கேள்வி இதுதான். ஆமாம், வெள்ளைக் கூரையோடு வைத்துப் பார்த்தால் பகல் நேரத்தில் பேனல் தோற்கும். 2016-இல் அரிசோனாவின் பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்குக் கணினி மாதிரி போட்டுப் பார்த்தவர்கள் இரண்டையும் எதிரெதிரே வைத்தார்கள். கூரைகள் முழுக்க வெள்ளையாக்கினால் நகரத்தின் குளிரூட்டும் மின்தேவை 13 முதல் 14 சதவீதம் குறையும். பேனல் போட்டால் 8 முதல் 11 சதவீதம். பகலில் வெள்ளைக்கூரை கூடுதலாகக் குளிர்விக்கும், இரவில் பேனல். ஆனால் இதில் பேனல் தரும் மின்சாரத்தைச் சேர்க்கவே இல்லை.

இங்கே இன்னொன்றும் கவனியுங்கள். பீனிக்ஸ் கணக்கில் பேனல் பகலிலும் காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கிறது. 2014-இல் பாரிஸுக்குப் போட்ட கணக்கிலும் அப்படித்தான், கோடைப் பகலில் 0.2 டிகிரி, இரவில் 0.3 டிகிரி வரை குறைவு. 2013-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போட்டபோதும் சூடேறும் என்று வரவில்லை. இவற்றில் கொல்கத்தா கணக்கு மட்டும் பகலில் ஏறும் என்கிறது. எல்லாமே கணினி மாதிரிகள். பேனலின் திறன் எத்தனை சதவீதம் என்று வைத்தார்கள், அடிப்பக்கம் எவ்வளவு சூட்டை விடுவதாக வைத்தார்கள், அடியில் இருக்கும் கூரை எவ்வளவு கருப்பு என்று வைத்தார்கள் என்பதைப் பொறுத்து விடையின் குறியே மாறிவிடுகிறது. என் சொந்த அபிப்பிராயம், 1.5 டிகிரி என்பது மேல் எல்லை. அதை எடுத்து ஒரு தெருவுக்குத் தீர்ப்புச் சொல்வது அதிகம். அதற்காக அதைக் குப்பையில் போடுவதும் தவறு. நம்மைப்போன்ற ஈரக்காற்று ஊருக்குப் போட்ட கணக்கு அதுதான்.

சுண்ணாம்புக்காரர்:
ஆக, சோலார் வேண்டாம், வெள்ளையடி என்கிறேன் நான். சரிதானே?

இன்வெர்ட்டர் இளங்கோ:
இரண்டையும் செய்யலாமே ஐயா. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் மிச்சம் 700 சும்மா கிடக்கிறது, அதற்கு வெள்ளையடியுங்கள். பேனலுக்கு அடியிலும் அடிக்கலாம். இப்போது வருவதில் நிறைய பைஃபேஷியல், பின்பக்கமும் வெளிச்சம் வாங்கும். உயரமான ஸ்ட்ரக்சரும் வெள்ளைத் தளமும் இருந்தால் பின்பக்கத்துக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் வருடா வருடம் கழுவாத வெள்ளை, இரண்டே பருவத்தில் சாம்பலாகிவிடும். அதை உங்கள் தொழில்காரர்கள் சொல்வதில்லை.

சுண்ணாம்புக்காரர்:
கழுவாத பேனல் மட்டும் என்ன பளபளக்கிறதா?

மட்டுறுத்துநர்:
தொழில் சண்டை வேண்டாம். இருவரும் சொன்னது பயனுள்ளது, அதோடு விடுங்கள்.

வைகைக்கரை:
நான் விட்டபாடில்லை. பேனல் மின்சாரத்தை எடுத்து ஏசி ஓட்டுவார்கள். அந்த ஏசி வெளியே சூட்டைத் துப்பும். அதையும் பேனல் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வெயில்மானி:
பேனல் இல்லாவிட்டாலும் ஈபி கரண்டில் அதே ஏசி ஓடத்தான் போகிறது. வாங்கிய மின்சாரம் எதுவானாலும் கடைசியில் சூடாகத்தான் முடியும், அது ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிற கணக்கு. "சோலார்தானே, சும்மா ஓடட்டும்" என்று புதிதாக இரண்டாவது ஏசி மாட்டினால் மட்டும் உங்கள் வாதம் செல்லும்.

ஆனால் ஏசியைச் சொன்னது நல்லது. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5.3 கிலோவாட் சூட்டை எடுக்கிறது, அதோடு தான் தின்னும் 1.5 கிலோவாட்டையும் சேர்த்து ஏறத்தாழ 6.8 கிலோவாட்டைச் சந்துக்குள் விடுகிறது. நங்கநல்லூரான் போடப்போகும் ஆறு பேனலின் பரப்பு 15 சதுர மீட்டர் சொச்சம். தளம் பகல் உச்சியில் உள்ளே இழுத்துவைத்திருக்கக் கூடியதைச் சதுர மீட்டருக்கு 200 வாட் என்று குத்துமதிப்பாக வையுங்கள். பேனல் அதை உடனே காற்றில் விடுகிறது என்றால் கூடுதல் 3 கிலோவாட். அரை ஏசிக்கும் குறைவு, அதுவும் மாடிக்கு மேலே, காற்று ஓடும் இடத்தில், உச்சி வெயில் நேரத்தில் மட்டும். பெரியவர் வீட்டில் ஏசி எத்தனை?

நங்கநல்லூரான்:
மூன்று! மூன்றின் வெளிப்பெட்டியும் எங்கள் பக்கச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கின்றன. இதை நான் அவரிடம் சொன்னால் சண்டை வரும், சொல்லவில்லை.

கொத்தனார் மகள்:
சொல்லாதீர்கள். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூரான்:
நேற்று மாலை பெரியவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். இரவில் குறையும் என்பதையும் முழு நகரத்துக்கான கணக்கு என்பதையும் சொன்னதும் அந்த 1.5 டிகிரியைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். ஆனால் வேறொன்று வெளியே வந்தது. அவருடைய தங்கை வீட்டுக்கு எதிரே சோலார் போட்டபிறகு மாலையில் கண்ணைக் கூசுகிறதாம். அவருடைய படிக்கும் அறை இரண்டாவது மாடியில், மேற்கு ஜன்னல். எங்கள் மாடியைப் பார்த்தே இருக்கிறது. அவர் கவலையின் அடி அதுதான் என்று நினைக்கிறேன். இது நிஜமாகவே வருமா?

இன்வெர்ட்டர் இளங்கோ:
வரும். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சென்னையில் பேனலைத் தெற்கு நோக்கி 10, 13 டிகிரி சாய்வில் வைப்போம், கிட்டத்தட்டப் படுத்த நிலை. நேர்வெயிலில் கண்ணாடி கொஞ்சம்தான் திருப்பும். ஆனால் சூரியன் மேற்கில் தாழும்போது ஒளி சாய்வாக வந்து விழும், அப்போது நிறையத் திருப்பும், அது கிழக்கே லேசாக மேல்நோக்கிப் போகும். கிழக்கில் உங்களைவிட உயரமான ஜன்னல் இருந்தால் மாலை 4:30-க்கு மேல் நேராக அங்கேதான்.

வழி இருக்கிறது. மேற்கு ஓரத்தில் மாடிப்படி அறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், பேனலை அதற்குப் பின்னால் கிழக்கே நகர்த்தினால் மாலை வெயில் மறைந்துவிடும். ஆனால் மாலை உற்பத்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். படிக்கட்டு அறை எந்த மூலையில் இருக்கிறது?

நங்கநல்லூரான்:
தென்மேற்கு மூலை. பத்தடி உயரம்.

இன்வெர்ட்டர் இளங்கோ:
அப்படியானால் ஸ்ட்ரக்சரை எட்டடிக்குப் பதில் ஆறடிக்கு இறக்குங்கள், நிழல் இன்னும் நீளமாக விழும். டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்கும், அப்போது அறை மறைத்துக்கொள்ளும். ஜூனில் வடமேற்கில் இறங்கும்போது மறைக்காது. அந்த மாதங்களுக்குப் பெரியவர் ஜன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பேனல் இறக்குமுன் அவரையே மாடிக்கு அழைத்து, எங்கே வரும் என்று கயிறு கட்டிக் காட்டிவிடுங்கள்.

கொத்தனார் மகள்:
ஆறடி என்றால் உங்கள் தலை இடிக்காதா என்று அளந்து பார்த்துவிட்டு வெல்டரிடம் சொல்லுங்கள். சாய்வின் தாழ்ந்த ஓரத்தில்தான் எல்லோரும் இடித்துக்கொள்கிறார்கள்.